வாங்காமல் விட்ட கூடை

தண்ணீரை யாரோ உள்ளங்கையால் இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் சிவந்திக்கு உறைத்தது, தான் இன்னும் கூப்பிடவே இல்லையென்று.

நடைபாதையின் கோடியில் நின்றிருந்த சுற்றுலாக் கூட்டம் கைதட்டியது. தொந்தி பெருத்த ஒருவர், ஏற்பாடெல்லாம் பலமாக இருக்கிறது என்று மனைவியின் காதைக் கடித்தார். சிவந்தி பல்லைக் காட்டி வைத்தாள். பயிற்சியில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம் அது: பாம்பே வந்தாலும் வழிகாட்டி முகம் மாறக்கூடாது.

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய அந்த அலையாத்திப் பூங்காவில் அவள் மாணவப் பயிற்சி வழிகாட்டி. கல்லூரியில் விலங்கியல், விடுமுறை நாட்களில் கழுத்தில் அட்டை, தலையில் பச்சைத் தொப்பி. சேற்றிலிருந்து விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைக் காட்ட வேண்டும், நண்டு வளைகளைக் காட்ட வேண்டும், நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டும். வருகிறவர்களுக்கு இதிலெல்லாம் பெரிய நாட்டமில்லை. எதிர்க்கரைப் புகைபோக்கி படத்தில் விழாமல் எங்கே நின்று செல்ஃபி எடுப்பது என்பதே அவர்கள் கவலை. பலகை நடைபாதை முடிந்து படிகள் தண்ணீருக்குள் இறங்கும் இடத்துக்கு வந்ததும்தான் கைபேசியை இறக்குவார்கள். கைப்பிடி இறால்காரர்களின் கதையை அவள் அங்கேதான் சொல்வாள்.

வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியபடி சேற்றைத் துழாவி இறாலைக் கையாலேயே பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். வாயைத் திறக்க வழியில்லை. கரையிலிருந்து கூப்பிட்டால் தண்ணீரை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். இங்கேதான் இருக்கிறேன் என்று பொருள். இதைச் சொல்லி முடித்து, கையைக் குவித்து, தன் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் அப்பாவை அழைப்பதுபோல "நைனா" என்று கூப்பிட்டுக் காட்டுவாள் சிவந்தி.

ஒன்றை மட்டும் அவள் சொல்வதில்லை. நெடுநேரம் கடித்த வாய் தானாகத் திறக்காது, தாடை பூட்டிக்கொண்டுவிடும். கூப்பிட்டவர்தான் தண்ணீரில் இறங்கி, பல்லிடுக்கிலிருந்து கயிற்றை மெல்ல எடுத்து, கூடையை வாங்க வேண்டும். வாங்கிய பிறகுதான் ஆள் கரையேறுவார். அதனால் குப்பத்தில் யாரும் சும்மா கூப்பிட மாட்டார்கள். நடைபாதை போட்ட பிறகு அந்தப் பக்கம் யாரும் இறால் பிடிக்க வருவதில்லை, வெறும் தண்ணீரைக் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிவந்தி தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருந்தாள். உண்மை வேறு. அப்பாவைக் கூப்பிட அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அப்பா வரதன் போன மழைக்காலத்தில் இறால் பிடிக்கக் கழிமுகத்தில் இறங்கியவர். அன்றைக்கு மேலிருந்து வெள்ளம் வந்தது. படகெடுத்துத் தேடினார்கள், வலைபோட்டு அரித்தார்கள், ஆள் கிடைக்கவில்லை. உடல் கிடைத்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். கிடைக்காததால் அம்மா மலர்க்கொடி கருமாதி செய்ய விடவில்லை, பொட்டை அழிக்கவில்லை, ராத்திரியில் கதவுக்குத் தாழ் போடுவதும் இல்லை. அந்தத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் போல ஒரு கொடுமை உலகத்தில் இல்லை என்று சிவந்திக்குத் தோன்றும்.

ஆரம்பத்தில் அவள் குரலுக்குப் பதில் எதுவும் வரவில்லை. போன வாரம்தான் முதன்முதலாகத் தட்டு கேட்டது. யாரோ குப்பத்து ஆள் என்று நினைத்துக்கொண்டாள். அப்பாவின் தட்டு அதுவல்ல. ஆளுக்கு ஆள் தட்டு வேறுபடும், வீட்டுப் பெண்களுக்கு அது தெரியும். வரதன் உள்ளங்கையைக் குழித்துத் தட்டுவார்; காலிக் குடத்தின் வாயில் அடித்தாற்போல் அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம். இது தட்டையாக, ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் இருந்தது.

கூட்டம் போனதும் மூத்த வழிகாட்டி ஜஹாங்கீர் வந்தார். தண்டையார்பேட்டைக்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்.

"சோக்கா கீதும்மா. ஸ்பீக்கர எங்க ஒளிச்சி வெச்சிகீற?"

"ஸ்பீக்கர்லாம் இல்ல பாய்."

"அப்ப உள்ள யாரு கீறான்?"

ஜஹாங்கீர் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத் தண்ணீர், அதில் பொழுது சாயும் வெளிச்சம், தூரத்தில் நிலக்கரி ஏற்றும் இயந்திரத்தின் ஓயாத முனகல். படியின் கீழ்ப்பலகையில் சேற்றால் பதிந்த ஒரு கைத்தடம் இருந்தது. விரல்கள் மேல்படியைப் பார்த்து விரிந்திருந்தன. ஜஹாங்கீரின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"நாளையிலேந்து இந்தக் கூப்புட்றதெல்லாம் வேணாம்மா," என்றார். "வெளிச்சம் கீறப்பவே வூட்டுக்குக் கெளம்பு."

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லக்கூடாது என்றுதான் சிவந்தி வந்தாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததுமே மலர்க்கொடி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

"கூப்ட்டியா?"

"சும்மா தாம்மா. வர்றவங்களுக்குக் காட்றதுக்கு."

"கூப்ட்டுட்டு, கூடைய வாங்காம வந்துட்டியா?"

சிவந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாயில கயித்தக் கடிச்சிகினு அந்த மனுசன் எவ்ளோ நாளுடி நின்னுகினு இருப்பாரு? வாங்க ஆளு வர்ல, அதாண்டி ஏறல." அம்மாவின் குரலில் கோபமே இல்லை, ஒரு மகிழ்ச்சி இருந்தது. "அவரு தட்டுதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், அம்மா திரும்ப மீனைக் கழுவ உட்கார்ந்திருப்பாள். எத்தனை மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் உயிர் வந்திருக்கிறது, அதைத் தன் கையால் அணைக்க சிவந்திக்கு மனம் வரவில்லை.

"தெரியலம்மா," என்றாள்.

குப்பத்திலிருந்து கரையோரமாகவே நடந்தால் படிகளுக்கு வந்துவிடலாம். இருவரும் வந்து சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. புகைபோக்கிகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் எரிந்தன, அவற்றின் வெளிச்சம் தண்ணீரில் நீளமாக நடுங்கியது, அழுகிய இலையும் எண்ணெயும் உப்பும் கலந்த வாடை காற்றில் வந்தது, காலடியில் ஓடி ஒளிகிற நண்டுகளின் சரசரப்பு இன்றைக்கு எங்கேயும் கேட்கவில்லை. அம்மா புதுப்புடவை கட்டியிருந்தாள். எப்போது மாற்றினாள் என்றுகூட சிவந்தி கவனிக்கவில்லை. மலர்க்கொடி படிகளில் விறுவிறுவென்று இறங்கி, முழங்காலளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "கூப்டு" என்றாள்.

"நீயே கூப்டும்மா."

"உங்கொரலுக்குத்தான வந்தாரு."

சிவந்தி கையைக் குவித்தாள். "நைனா."

பதில் உடனே வந்தது. இரண்டு தட்டு. தட்டையாக.

பிறகு இடது பக்கம் இரண்டு. பிறகு வேர்களுக்குள்ளிருந்து. பிறகு கழிமுகத்தின் நடுவிலிருந்து, மனிதர் நிற்கவே முடியாத ஆழத்திலிருந்து. தண்ணீர் முழுக்கத் தட்டுகள், மழை பிடித்துக்கொண்டாற்போல.

"அம்மா, வந்துடும்மா. போலாம்."

மலர்க்கொடி அசையவில்லை.

ஒரு தலை வந்தது. தாடைவரை தண்ணீர். முகம் முழுக்கச் சேறு. பல்லில் கயிறு, பின்னால் மிதக்கும் கூடை. மூச்சுவிடும் சத்தம் இல்லை. அம்மா குனிந்து, குழந்தையின் வாயிலிருந்து எதையோ எடுப்பதுபோல, இரண்டு விரலால் கயிற்றை விடுவித்தாள். கூடையைப் பின்னால் நீட்டினாள். சிவந்தி வாங்கிக்கொண்டாள். கனமே இல்லை. அம்மா முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அந்த முகத்தைத் துடைத்தாள். யாரோ ஒரு கிழவர். எத்தனை காலத்துக்கு முன் போனவரோ.

"இவரு இல்ல," என்றாள் அம்மா.

அவர் ஏறினார். கூடையை வாங்கியாயிற்றே. சிவந்தியை உரசிக்கொண்டு படியேறி அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். பலகை முனகியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கால் ஓடிவிடும், அம்மா தண்ணீரில் இருக்கிறாள்.

அடுத்த தலை. கயிறு. கூடை. முந்தானை.

"இவரும் இல்ல."

அடுத்தது. மீசை அரும்பிய ஒரு பிள்ளை. அம்மா அவன் கன்னத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தாள். "பாவம். இவனும் இல்ல."

ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒவ்வொருவராகப் பின்னால் நின்றார்கள். யாரும் எங்கேயும் போகவில்லை. பலகையில் இடம் குறைந்தது. ஒரு குளிர்ந்த தோள் சிவந்தியின் தோளில் பட்டு அங்கேயே நின்றது. அழக்கூடப் பயமாக இருந்தது. அம்மாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. இல்ல. இல்ல. இல்ல.

பிறகு அந்த ஒருவர் வந்தார்.

அம்மா கயிற்றை எடுத்தாள், முகத்தைத் துடைத்தாள். சேறு வந்தது. மறுபடி துடைத்தாள். மறுபடியும் சேறு. வழித்து வழித்துத் தண்ணீரில் விட்டாள். அடியில் கண் வரவில்லை. மூக்கு வரவில்லை. துடைத்த இடம் குழிந்தது, பிறகு தானே மூடிக்கொண்டது.

அம்மாவின் கை நின்றது. அவள் ரொம்ப நேரம் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் களைத்துப்போயிருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை இல்லை என்று சொல்ல அவளிடம் தெம்பு இல்லை என்பது மகளுக்குப் புரிந்தது.

"இவருதாண்டி," என்றாள் மலர்க்கொடி.

"அம்மா. இல்லம்மா. நல்லாப் பாரும்மா."

"எனுக்குத் தெரியாதா? எம்புருசன்." அவள் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயா. வூட்டுக்குப் போலாம். கதவு தொறந்துதான் கீது."

அது படியேறியது. பின்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அம்மா புதுப்பெண்ணைப்போலத் தலைகுனிந்து அதன் பக்கத்தில் நடந்தாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் குப்பத்தை நோக்கி அவர்கள் பின்னால் நடந்தார்கள். நடைபாதை நெடுக ஈரக்காலடிகளின் சத்தம்.

சிவந்தியால் அசைய முடியவில்லை. காலிக் கூடைகள் அவள் கைகளில் தொங்கின. கழிமுகம் அடங்கிவிட்டது.

அப்போதுதான் கேட்டது. வேர்களுக்கு அப்பால், வெகு தூரத்தில், காலிக் குடத்தின் வாயில் அடித்தாற்போல இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, இன்னும் இரண்டு. அப்பா இப்போதுதான் வந்துகொண்டிருந்தார்.