ஐந்தாம் எண் படத்தில் இருந்த கை

வாசலில் செருப்பை உதறிய வேகத்தைப் பார்த்ததுமே, வந்தவள் அழப்போகிறாள் என்று தையல்காரம்மா முடிவு கட்டிவிட்டார். ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு முதல் வேலையாக ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். வந்தவள் ஒரு லாரி கம்பெனியின் நர்ஸ். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள், ஆனால் அழவில்லை. தையல்காரம்மாவுக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"சார் இருக்காங்களா அக்கா?"

சார் இருந்தார். இருபத்திரண்டு வருடம் ஓர் ஆவணக் கிடங்கில் கோப்புகளை அடுக்கிய மனிதர். அதனால் ஊரெல்லாம் அவருக்கு வரிசையார் என்றே பெயர். ஓய்வு பெற்ற பிறகு, காணாமல் போன பத்திரம், இடம் மாறிய பெட்டி என்று யாராவது அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். எதற்கும் பதற மாட்டார். வீட்டில் பதறுகிற வேலை முழுவதையும் மனைவி தையல்காரம்மா குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"சொல்லும்மா," என்றார் வரிசையார்.

நர்ஸ் சொன்னாள். வெயிலில் வேலை செய்கிறவர்களின் கையில் கறுப்புப் புள்ளி ஏதாவது வந்தால் அவள் படம் எடுப்பாள். கம்ப்யூட்டரில் ஏற்றி, வெளியூரில் இருக்கும் தோல் டாக்டருக்கு மெயிலில் அனுப்புவாள். யாரை நேரில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் பதில் எழுதுவார். போன வாரம் பன்னிரண்டு பேரின் படங்கள் போயின.

"பதினோரு பேருக்குப் பயமில்ல, அஞ்சாம் நம்பரை மட்டும் உடனே அனுப்புன்னு பதில் வந்துச்சு சார். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்தாம். அஞ்சாம் நம்பர் எங்க கிரேன் டிரைவர். பாவம், வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, அரை உசுரோட போனார். டாக்டர் கையைப் பார்த்துட்டு, இது அந்தக் கையே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டார். இவருக்கு ரெண்டு சின்னப் புள்ளி, பக்கத்துல பக்கத்துல. படத்துல இருந்தது ஒரே பெரிய புள்ளி."

"அப்போ அந்தப் பெரிய புள்ளிக்காரர் யாரு?" தையல்காரம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதுதான் தெரியல அக்கா. பாதிப் பேர் லாரியோட வெளியூர் போயிட்டாங்க. வர மூணு வாரம் ஆகும். மத்தவங்களையாவது கூப்பிட்டுப் பார்க்கிறேன்னா, மேனேஜர் விடமாட்டேங்கிறார். ஒருத்தரைச் சாகப்போறார்னு பயமுறுத்தினது போதும்கிறார். என் மேல புகாரும் எழுதிட்டார். வேலை போனா போகட்டும் சார். ஆனா தனக்கு ஒண்ணும் இல்லைன்னு நம்பிக்கிட்டு ஒரு மனுஷன் நடமாடிக்கிட்டு இருக்காரே, அவரு யாருன்னு தெரியணும்."

"அனுப்பின படம் உன்கிட்ட இருக்குமே?"

"இல்ல சார். பதில் வந்ததும் கேமராவுலயும் கம்ப்யூட்டர்லயும் மெயில்லயும் அழிச்சிடணும். அடுத்தவங்க உடம்பாச்சே, அதுதான் விதி. டாக்டரோட உதவியாளர் அவர்கிட்ட இருந்ததைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்." பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். "என்னால நம்பவே முடியல. பதினஞ்சு தடவை அனுப்பியிருக்கேன், ஒரு தப்பு வந்ததில்ல. அப்பல்லாம் கேமரா வைக்கிற பேரோடயே அனுப்பிடுவேன். இந்தத் தடவைதான் குழப்பம் வரக்கூடாதுன்னு மெனக்கெட்டு, ஒவ்வொரு படத்துக்கும் பேரை மாத்தி ஒண்ணு, ரெண்டுன்னு பன்னெண்டு வரைக்கும் நம்பர் போட்டேன். எந்த நம்பர் யாருன்னு மெயில்ல பட்டியலும் எழுதினேன்."

வரிசையார் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "படம் எடுத்ததும் அதே வரிசையிலதானா?"

"ஆமா சார். காலையில எட்டு மணிக்கு ஸ்டோர்கீப்பர் முதல்ல உட்கார்ந்தார். அடுத்து, தனக்குப் போன் வரும்னு சொல்லி மேனேஜர் நடுவுல புகுந்துட்டார். மத்தவங்க வரிசையா வந்தாங்க. முடிக்கப் பதினொண்ணு ஆயிடுச்சு."

தையல்காரம்மா வெட்டுமேசையில் கிடந்த துணிகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டு படங்களையும் பரப்பினார். ஒவ்வொன்றின் கீழும் எண்ணும் தொழிலும் அச்சாகியிருந்தன. எல்லாப் படத்திலும் ஒரு வெள்ளைத் துண்டு, அதன்மேல் ஒரு முன்கை, கையில் கறுப்புப் புள்ளி. முதல் படம் ஸ்டோர்கீப்பருடையது. அவருடைய மணிக்கட்டில் இருந்த பழைய தீக்காயத் தழும்பை நர்ஸ் உடனே அடையாளம் சொன்னாள். ஆக, முதல் படம் சரி.

அடுத்த நிமிடமே தையல்காரம்மா துள்ளினார். "இதோ ரெட்டைப் புள்ளி! எட்டாம் நம்பர்னு போட்டிருக்கு. என்னங்க, முடிஞ்சுதே! அஞ்சும் எட்டும் இடம் மாறியிருக்கு. இந்த டேங்கர் டிரைவர் எங்கம்மா?"

"ரெண்டு நாள் தூரத்துல இருக்கார் அக்கா." நர்ஸின் கை போனைத் தேடியது.

"கொஞ்சம் இரும்மா," என்றார் வரிசையார். "ஏற்கெனவே ஒருத்தர் அரை உசுரா திரும்பியிருக்கார். ரெண்டாவது ஆளையும் சும்மா பயமுறுத்த வேண்டாம்."

"கண்ணு முன்னாடி இருக்கிறதை நம்பாம வேற எதை நம்புவீங்க?"

"கண்ணு முன்னாடி இன்னும் பதினொரு படம் இருக்கே."

தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. சரி, குறை கண்டுபிடிப்பதென்றால் நம்மால் முடியாதா என்று படங்களை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். முப்பது வருடமாக ஜன்னல் வெளிச்சத்தில் ஊசி கோர்க்கிற கண் அது. "இது என்ன லட்சணம்? ஒண்ணாம் படத்துல ஜன்னல் கம்பி நிழல் துண்டோட இடது ஓரத்துல விழுது. ரெண்டாம் படத்துல வலது கோடிக்கே போயிடுச்சு. ரெண்டு படத்துக்கு நடுவுல இரண்டரை மணி நேரமா ஓடிடுச்சு?"

"ஐயோ, இல்ல அக்கா. மேனேஜர் உடனே உட்கார்ந்துட்டாரே."

வரிசையார் மனைவியைப் பார்த்த பார்வையில் பெருமை தெரிந்தது. "அதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். இப்ப நம்பரைப் பார்க்காதே. நிழல் இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் போற மாதிரி அடுக்கு."

தையல்காரம்மா அடுக்கினார். முதல் படம் அப்படியே நின்றது. அதற்கடுத்து, ஐந்து என்று அச்சாகியிருந்த படம் வந்தது. பிறகு ஆறு, ஏழு, எட்டு என்று பன்னிரண்டு வரை ஒழுங்காகத் தொடர்ந்தன. கடைசியில் மிஞ்சியவை இரண்டும் மூன்றும் நான்கும். வாலில் இருக்க வேண்டிய மூன்று படங்களை யாரோ எடுத்துத் தலைக்குப் பின்னால் செருகியது போல இருந்தது. இதை எந்த மனிதன் வேலை மெனக்கெட்டுச் செய்வான் என்று அவருக்கு மண்டை குடைந்தது.

வரிசையார் டாக்டரின் உதவியாளருக்குப் போன் போட்டுத் தணிந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். பத்து மணிக்குத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லிவைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, "கம்பெனிக்குப் போகலாம்," என்றார். வழி நெடுகத் தையல்காரம்மா கேட்டுப் பார்த்தார். மனிதர் வாய் திறக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான்.

கம்பெனி அறையில் மேனேஜர் ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். கிரேன் டிரைவரும் வரவழைக்கப்பட்டுச் சுவரோரம் நின்றார்.

"சிஸ்டர், இப்ப வெளியாளுங்களை வேற கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

"பத்து நிமிஷம் கொடுங்க சார்," என்ற வரிசையார், கிரேன் டிரைவரின் கையருகே எட்டாம் எண் படத்தை வைத்தார். இரண்டு புள்ளிகளும் அச்சு அசலாகப் பொருந்தின.

"இதுதான் சார் என் கை!" கிரேன் டிரைவர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "எட்டாம் நம்பருக்குப் பயமில்லைன்னுதானே எழுதியிருந்தாங்க?"

"ஆமா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல, நிம்மதியா இருங்க." வரிசையார் போனை மேசைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி உதவியாளரை அழைத்தார். "தம்பி, மெயில்ல வர்ற படத்துக்கு நீங்க எப்படிப் பேர் வைப்பீங்கன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"படத்தோட வர்ற பேரை நான் பார்க்கவே மாட்டேன் சார். எப்பவும் கேமரா போட்ட ஏதோ நம்பராத்தான் இருக்கும். மெயில்ல படம் எந்த வரிசையில நிக்குதோ, அந்த வரிசையில பட்டியல்ல இருக்கிற பேரை ஒண்ணொண்ணா வச்சுச் சேமிப்பேன். எப்பவும் சரியாத்தான் வந்திருக்கு."

"எப்பவும் சரியா வந்துச்சு, ஏன்னா கேமரா போடுற எண்ணெல்லாம் நாலு இலக்கம்," என்றார் வரிசையார். "நர்ஸம்மா இந்தத் தடவை ஒண்ணு, ரெண்டுன்னு பேர் வச்சாங்க. நமக்குப் பத்துங்கிறது ஒன்பதுக்கு அப்புறம் வர்ற எண். ஆனா பேரை வரிசைப்படுத்துற பல மென்பொருளுக்குப் பத்து எண்ணே இல்ல; ஒண்ணுல ஆரம்பிக்கிற ஒரு பேர். அதனால ஒண்ணுல ஆரம்பிக்கிறதையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துடும். ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, அதுக்கு அப்புறம்தான் ரெண்டு. எங்க கிடங்குலயும் கம்ப்யூட்டர் வந்த புதுசுல இதே கூத்து நடந்துச்சு."

"என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே சார் நின்னுச்சு?" என்றாள் நர்ஸ்.

"உன் கம்ப்யூட்டருக்கு எண் தெரியும். உங்க மெயிலுக்குத் தெரியல. நீ கவனமா இருந்தே, அவரும் பழக்கம் மாறாம இருந்தார். ரெண்டு பேரோட ஒழுங்கும் சேர்ந்து இந்தக் குழப்பத்தைப் பண்ணியிருக்கு."

தையல்காரம்மா விரல் விட்டு எண்ணினார். முதல் இடத்தில் ஒன்று. இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களில் பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும். ஐந்தாம் இடத்தில்... விரல் அப்படியே நின்றது. யார் நடுவில் புகுந்தது என்று நர்ஸ் காலையில் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. ஒரு மணி நேரமாகப் புருஷன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் புரிந்தது.

நர்ஸும் எண்ணி முடித்திருந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ அந்த ஆபத்தான கை யாரோடது?" மேனேஜர் பொறுமை இழந்தார். "வண்டியில போனவங்கள்ல ஒருத்தன்னா சொல்லுங்க, இப்பவே திருப்பி வரவழைக்கிறேன். ரெண்டாம் நம்பர் யாரு?"

வரிசையார் ஐந்தாம் எண் படத்தை எடுத்து, திருப்பி, மேனேஜர் பக்கமாக மேசையில் மெதுவாக வைத்தார்.

மேனேஜர் படத்தைப் பார்த்தார். சட்டைக் கைப் பித்தானைக் கழற்ற அவருக்கு நேரம் பிடித்தது. கையைப் படத்தருகே வைத்தார். அதே பெரிய புள்ளி அவர் கையிலும் இருந்தது.

"டாக்டர்..." என்றவர் படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருந்தாரே."

"அது வேற ஒருத்தர் கையைப் பார்த்து எழுதினது சார்," என்றாள் நர்ஸ்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க மேல புகாரை நேத்தே அனுப்பிட்டேன் சிஸ்டர். இன்னைக்கு உங்களை நீக்கியிருப்பாங்க. நானும் இந்தப் பேச்சை அத்தோட மூடியிருப்பேன்."

"அதை அப்புறம் பார்க்கலாம். தள்ளிப்போடக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார்? போன்ல உதவியாளர் இருக்கார், நேரம் கேட்கிறேன்." நர்ஸ் கேட்டாள். மதியம் ஒரு மணிக்குள் வந்தால் டாக்டர் இன்றே பார்ப்பார் என்று பதில் வந்தது.

கிரேன் டிரைவர் யாரும் கேட்காமலே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். மேனேஜர் மட்டும் எழுந்திருக்கவில்லை. தையல்காரம்மாவுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பயமா இருக்கு சிஸ்டர்," என்றார் மேனேஜர்.

"எனக்கு ரெண்டு நாளாவே பயம்தான் சார். யாருன்னே தெரியாம பயந்துக்கிட்டு இருந்தேன். இப்ப தெரிஞ்சுடுச்சு, விடமாட்டேன்." அவருடைய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "எழுந்திருங்க, நானும் கூட வரேன்."