சோப்பு டப்பாவும் உரலும்

"கொஞ்சம் உங்க காலை நகர்த்திக்கிறீங்களா...? என் படத்துல வருது."

மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

"படத்தை நகர்த்திக்குங்க. என் கால் இங்கதான் இருக்கும்."

அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தான். புதுப் பெயின்ட் வாசனை போகாத பள்ளிக்கூட வராந்தா. ஜன்னல்களுக்கு வெளியே மழை. மேகம் லேசாக விலகி, வராந்தா முழுக்க ஈரமான ஒரு வெளிச்சம்... அதற்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தான். வெளிச்சம் வந்தது. கூடவே படிக்கட்டின் அடியிலிருந்து சேறு அப்பிய இரண்டு ஷூக்களும் வந்தன.

"மேடம், பள்ளிக்கூடத்து விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்கறேன். இந்த வெளிச்சம் ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்."

"இந்த விரிசல் மதியம் வரைக்கும்தான் நிக்கும். அப்புறம் ஆள் வந்து சிமென்ட் பூசி மூடிடுவாங்க. எது அவசரம்னு நீங்களே சொல்லுங்க."

வெளிச்சம் இந்தச் சண்டை தீரும்வரை காத்திருக்கவில்லை. போய்விட்டது.

கோபத்தோடு அவன் குனிய, அவள் தவழ்ந்து வெளியே வர... இரண்டு தலைகளும் முட்டாமல் தப்பியது மயிரிழையில். அவள் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. ஒரு கையில் இரும்பு அளவுகோல், மறு கையில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குட்டிக் கேமரா. அதையெல்லாம் அவன் அப்புறம்தான் கவனித்தான். முதலில் பார்த்தது கண்களை. ஓரிடத்தில் நிற்காத கண்கள்! அவன் முகம், கைக்கடிகாரம், சுவர், மறுபடி அவன் முகம்... இப்படி அலைகிற கண்களை எப்படிப் படம் பிடிப்பது என்று கோபத்தின் நடுவிலும் அவனுக்குள் ஒரு யோசனை ஓடியது. தொழில் புத்தி எங்கே போகும்?

அவள் ஜூனியர் இன்ஜினியர். கட்டடங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. மேஸ்திரிகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'பம்பரம்'. சுற்றுவதை நிறுத்தினால் விழுந்துவிடுவாளாம்.

"இதுக்குப் பேர் கேமராவா?" என்றான் அவன், வெளிச்சம் போன வயிற்றெரிச்சலில். "நான் சோப்பு டப்பான்னு நினைச்சேன்."

"பரவாயில்ல. உங்க கழுத்துல தொங்கறதை நான் உரல்னு நினைச்சேன். அதோ அந்த மூணு கால் ஸ்டாண்டு... உலக்கையா?"

சுருக்கென்றது அவனுக்கு. சிரிப்பும் வந்து தொலைத்தது. அடக்கிக்கொண்டான்.

"இந்த உரல்ல எடுத்தா, எதைப் பார்க்கறோமோ அது மட்டும் பளிச்சுனு நிக்கும். பின்னாடி இருக்கறதெல்லாம் அப்படியே கரைஞ்சு போயிடும். உங்க டப்பாவால முடியுமா?"

"எனக்கு எதுக்குங்க கரையணும்? விரிசலும் தெரியணும், அளவுகோலும் தெரியணும், பின்னாடி சுவரும் தெரியணும். என் டப்பா யாருக்கும் பாரபட்சம் பார்க்காது. சட்டைப் பையில போட்டுக்கிட்டு சாரம் ஏறலாம். ஒத்தைக் கையால சந்துக்குள்ள விடலாம். உங்க உரலை உள்ள விட்டா கட்டடத்தை இடிச்சுத்தான் வெளிய எடுக்கணும்."

"இருட்டுல உங்க டப்பா எடுத்த படம், மணலைக் கொட்டின மாதிரி இருக்குமே?"

"அதுக்குத்தான் டார்ச் வச்சிருக்கேன்."

வாயா அது! அவன் பதில் தேடுவதற்குள் அவள் மறுபடி படிக்கு அடியில் புகுந்துவிட்டாள். அடுத்த நொடி மேலிருந்து ஒரு பிடி காரை பொலபொலவென்று உதிர்ந்தது. கூடவே 'க்ரீச்' என்று ஒரு சத்தம்.

வெளியே வந்தபோது அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. குட்டிக் கேமராவின் லென்ஸ் பாதி வெளியே நீட்டியபடி நின்றுவிட்டது. உள்ளேயும் போகமாட்டேன், வெளியேயும் வரமாட்டேன் என்று அடம். போன் என்பது பேசுவதற்கு மட்டுமே இருந்த காலம் அது. அவளுக்கு வேறு வழியில்லை.

கேட்கலாமா...? சே! இப்போதுதானே உரல் என்று சொன்னோம்... எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? ஆனால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. முந்நூறு பிள்ளைகள் இந்தப் படியில்தான் ஏறி இறங்கப் போகிறார்கள். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"சார்... உங்க... கேமராவை..."

"உரலையா?"

"உரலைத்தான். கொஞ்சம் தர முடியுமா?"

"அதை யார் கையிலயும் தர்றதில்ல." அவள் முகம் சுண்டுவதைப் பார்த்துவிட்டு, அவசரமாகச் சொன்னான்: "நானே வர்றேன். எங்க எடுக்கணும்னு காட்டுங்க."

படிக்கு அடியில் இரண்டு பேருக்கு இடமில்லை. இருந்தும் இரண்டு பேர் இருந்தார்கள். அவன் ஒருக்களித்துப் படுத்து, அகலமான லென்ஸை மாற்றி, கன்னத்தைத் தரையோடு ஒட்டிக்கொண்டான். ஒரு முழ உயரச் சந்தில் உரல் உண்மையிலேயே மாட்டிக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை. அந்த நல்ல மனசை அவன் குறித்துக்கொண்டான்.

"நேரா வெளிச்சம் அடிச்சா விரிசல் தெரியாது" என்று டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். "இப்படிப் பிடிச்சா அதோட நிழல் விழும்... இப்பப் பாருங்க."

பார்த்தான். நூல் மாதிரி இருந்தது ஆறு மாதிரி எழுந்து நின்றது. பத்து வருடம் வெளிச்சத்தோடு மல்லுக்கட்டியவன் அவன். தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தா இதை?"

"யாரும் இல்ல... நானே..."

வெளியே மழை வலுத்தது. அந்தக் கண்கள் முதன்முறையாக ஓரிடத்தில் நின்றன. அவன் முகத்தில். ஒன்று... இரண்டு... மூன்று நொடிகள். அப்புறம் அவசரமாக அளவுகோலுக்கு ஓடிவிட்டன. அவள் காது மடல் சிவந்ததை டார்ச் வெளிச்சம் காட்டிக்கொடுத்தது.

பதினொரு படங்கள் எடுத்தான். மதியம் பூச்சு வேலைக்காரர்கள் வந்து நாலு கரண்டி சிமென்ட்டில் விரிசலை மூடிவிட்டார்கள்.

"காலையில சி.டி. உங்க ஆபீஸ்ல இருக்கும்" என்றான் அவன். போய்விட்டான். ஒரு நன்றி சொல்ல விட்டானா...?

அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி வேறு யாருமில்லை, அவள் அப்பாதான். வீட்டில் அப்பா, அலுவலக வாசலைத் தாண்டினால் 'சார்'. அந்த விதியைப் போட்டவரே அவர்தான். இருந்தும் அவள் அவர் பெண் என்பது ஊருக்கே தெரியும்.

"யாரோ ஒரு போட்டோக்காரரை நம்பியிருக்கே... படம் ஒழுங்கா வந்திருக்குமா?"

"அவர் எடுத்தா சரியாத்தான் இருக்கும் சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எப்படித் தெரியும் உனக்கு? ஒரு மணி நேரம் பார்த்த ஆளுக்கு இவ்வளவு ஜாமீனா? அன்று மாலை முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். ஒரே காகிதக் கட்டை மூன்று முறை அடுக்கினாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது "மூணு மில்லிமீட்டர்" என்று பதில் சொன்னாள்.

காலையில் சி.டி. வந்திருந்தது. அப்பாவின் மேஜையிலேயே ஓடவிட்டாள்.

முதல் படம்... அழகான மாடிப்படி. வழவழவென்று, நேற்றுத்தான் கட்டியது மாதிரி. இரண்டாவது படமும் அப்படியே. மூன்று... ஏழு... பதினொன்று. அளவுகோல் இருக்கிறது. டார்ச் வெளிச்சம் இருக்கிறது. விரிசலை மட்டும் காணோம்.

அப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "எங்கம்மா விரிசல்?"

"இருந்துச்சு சார்! நோட்டுல அளவு எழுதி வச்சிருக்கேன். மூணு மில்லிமீட்டர்..."

"நோட்டுல எழுதினது நீ. படம் வேற சொல்லுது. புதுசா பூசின படியை உடைன்னு நான் எதை வச்சு எழுதறது? பன்னெண்டு மணிக்குச் சான்று வாங்க ஆள் வருது." அவர் குரல் தாழ்ந்தது. "பொண்ணு சொன்னான்னு கையெழுத்துப் போட்டார்னுதான் ஊர் பேசும். அந்தப் பேரு எனக்கு வேணாம். உனக்கும் வேணாம்."

சி.டி. உறையில் அவன் போன் நம்பர் இருந்தது. போனை எடுத்தாள்.

"உங்க கேமராவை உரல்னு சொன்னது என் தப்புதான். அதுக்கு இப்படியா பழி வாங்குவீங்க?"

"என்னங்க... என்ன ஆச்சு...?"

"விரிசலைக் காணோம்!"

டக்கென்று வைத்துவிட்டாள். போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எடுத்தால் அழுதுவிடுவாள், அவனுக்கு அழுகைச் சத்தம் கேட்டுவிடும். அதைவிட...

பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. தொப்பலாக நனைந்த சட்டை. சட்டைக்குள் குழந்தையை ஏந்தியது மாதிரி அந்தக் கேமரா. அது மட்டும் ஒரு சொட்டு நனையவில்லை.

"சார், படம் பதிஞ்ச கார்டு இன்னும் கேமரா உள்ளயேதான் இருக்கு. எடுத்தது எடுத்தபடி. யார் கையும் படாதது."

கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்தான். திரையில் விரிசல் எழுந்து நின்றது. அளவுகோலில் மூன்று கோடுகள், சந்தேகமே இல்லாமல். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரிதாக்கச் சொன்னார். இன்னும்... இன்னும். படம் பெரிதாகப் பெரிதாக உடையாமல் விரிந்துகொண்டே போனது. விரிசலின் உள்விளிம்பில் காவி நிறத்தில் ஒரு கசிவு.

"துரு..." என்றார் அப்பா மெதுவாக. "உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கு. இதை நீ பார்த்தியா?"

"இல்ல சார்." அவள் டப்பா இதைக் காட்டியிருக்காது.

அப்பா இப்போது அவன் பக்கம் திரும்பினார். "சரி. முதல்ல கொடுத்த படத்துல இது ஏன் இல்ல? ரெண்டுல எது நிஜம்னு நாளைக்குக் கான்ட்ராக்டர் கேட்பான். நான் என்ன சொல்ல?"

"விளம்பரப் படம்னா எங்க ஸ்டுடியோவுல ஒரு வழக்கம் சார். சுவர்ல இருக்கற கறை, கீறல், கோடு எல்லாத்தையும் கம்ப்யூட்டரே மொத்தமா துடைக்கற மாதிரி வச்சிருப்போம். பள்ளிக்கூடத்துப் படம் எண்பதையும் அதுல போட்டேன். இந்தப் பதினொண்ணும் அதோட சேர்ந்து போயிடுச்சு."

"போனதை நீங்க பார்க்கலையா?"

"பார்க்கலை சார்."

"கண்ணு எங்க இருந்தது?"

அவன் அவளைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். கடிகாரம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பொய் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் ஒரு பொய் கலந்தாலும் அந்தப் பதினொரு படங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

"பன்னெண்டாவது படத்துல சார்."

அப்பா பொத்தானை அழுத்தினார். படியின் மேல் ஒரு பெண். தலையில் சுண்ணாம்பு, கன்னத்தில் சேறு. உள்ளங்கையில் அந்தக் குட்டிக் கேமராவை வைத்துக்கொண்டு, அடிபட்ட விரலுக்கு ஊதுவதுபோல் ஊதிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு அங்கேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"இது யாரு?" என்றார் அப்பா.

"உங்க... பொண்ணு சார்."

"ஆபீஸ்ல அவ எனக்குப் பொண்ணு இல்ல. ஜூனியர் இன்ஜினியர்."

"அப்ப... ஜூனியர் இன்ஜினியர் சார்." நிமிர்ந்து நின்றான். "நேத்து சாயங்காலம் பூரா இந்த ஒரு படத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். மத்த படங்க எங்க போச்சுன்னு நான் கவனிக்கலை. தப்பு என்னோடது. அவங்க சொன்னது நிஜம். எழுதித் தரச் சொன்னா எழுதித் தர்றேன்."

அப்பா ஒரு வெள்ளைத் தாளை அவன் முன்னால் தள்ளினார். "எழுதுங்க. கம்ப்யூட்டர் பத்தின விஷயம் மட்டும் போதும். மிச்சம் கோப்புக்குத் தேவையில்ல."

அவன் எழுதினான். அப்பா தன் பங்குக்கு எழுதினார்: படிக்கட்டை மூடவும், பூச்சை உடைத்துக் கம்பியைச் சோதிக்கவும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "பதினொரு படம் இங்க இருக்கட்டும். பன்னெண்டாவதை வெளிய எடுத்துக்கிட்டுப் போய்ப் பேசிக்குங்க, ரெண்டு பேரும்."

வாசல் கூரையின் கீழே மழை கம்பி கம்பியாக விழுந்துகொண்டிருந்தது. அவள் இங்கும் அங்கும் நாலு முறை நடந்துவிட்டாள்.

"கேட்காம என்னைப் படம் எடுத்தீங்க."

"தப்புதான். இப்பவே அழிச்சிடறேன்." அவன் விரல் பொத்தானுக்குப் போனது.

"அழிச்சா கொன்னுடுவேன்!"

விரல் அப்படியே நின்றது. அவள் நடையும் நின்றது.

"காலையில எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஏன் தெரியுமா? படம் கெட்டுப் போனதுக்காக மட்டும் இல்ல... 'அவர் எடுத்தா சரியாத்தான் இருக்கும்'னு எங்க அப்பாகிட்ட சொல்லியிருந்தேன். நான் யாருக்காகவும் அப்படிச் சொன்னதில்லங்க. மேஸ்திரி சொன்ன அளவையே ரெண்டு தடவை சரிபார்க்கற ஆளு நான். உங்களைச் சரிபார்க்கவே தோணலை. நம்பிட்டேன்... நம்பினது பொய்யாப் போச்சேன்னுதான்..."

"பொய்யாப் போகலைங்க."

"தெரியும். அப்பா முன்னாடி நின்னு நீங்க நிஜத்தைச் சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு." மூச்சை இழுத்து விட்டாள். கண்கள் அவனை விட்டு எங்கும் ஓடவில்லை. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரே நாள்ல என்ன அவசரம்னு நீங்க நினைச்சாலும் சரி. எனக்குப் பொறுமை கிடையாது."

சாரல் இருவர் மேலும் அடித்தது. அவன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கி ஜன்னல் மாடத்தில் வைத்தான்.

"ஒரு நல்ல வெளிச்சத்துக்காக நான் நாள் கணக்குல காத்திருப்பேங்க. ஆனா நேத்து உங்களை விட்டுட்டுப் போனதுலேர்ந்து இன்னைக்கு உங்க குரல் கேக்கற வரைக்கும்... அவ்வளவு நேரம்கூட என்னால காத்திருக்க முடியலை."