ஒல்லாந்துச் சிற்பி வனைந்த முகம்

கொள்ளிடத்தின் மேல் அந்திச் செம்மை மெல்லக் கரைந்து, கீழ்வானில் எழுந்த முழுமதி நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியை உருக்கி வார்க்கத் தொடங்கிய அந்நேரத்தில், வாசகர்களே, நல்லேரிக் கோட்டையின் ஆற்றோர மண்டபத்தில் எவருக்கும் நிலவைப் பார்க்க மனமில்லை. அத்தனை கண்களும் ஒல்லாந்துச் சிற்பி யோஸ்டின் விரல்களையே வெறுப்புடன் நோக்கிக்கொண்டிருந்தன.

கல் அரிதான சதுப்பு நாட்டில் பிறந்து, நாகப்பட்டினத்து ஒல்லாந்தருக்குக் கல்லறைச் சிலைகள் செதுக்கித் தமிழும் பழகிய அவன், அண்மையில்தான் நல்லேரி வீரர்களிடம் சிறைப்பட்டான். மாசியில் நல்லேரி மன்னர் வேட்டைக்காட்டில் கொலையுண்ட சில நாட்களில், யாரோ ஒருவன் நாகப்பட்டினம் வந்து இக்கோட்டையைக் காட்டிக்கொடுப்பதாக ஒல்லாந்தருக்கு வாக்களித்ததை யோஸ்ட் கண்டிருந்தான். அம்முகத்தை வனைந்து துரோகியை அடையாளம் காட்டினால் விடுதலை, இல்லையேல் யானைக்காலில் இடறிச் சாவு. இது மன்னரின் ஒரே மகள் கோமளவல்லியின் ஆணை.

"கல்லைத் தொடப் பயந்து மண் பிசைகிறான். இவன் சிற்பியா, குயவனா?" என்றார் இளவரசியின் சிற்றப்பா, தளவாய் சேதிராயர், முறுக்கு மீசையை நீவியபடி.

"மண்ணில் பிடித்த பிறகே கல்லில் வடிப்போம், பிரபு."

யோஸ்ட் ஈரத்துணியை விலக்கினான். மழித்த தலை, மழித்த முகம். எவருக்கும் ஆள் தெரியவில்லை.

"உங்கள் கோயில் குருக்களில் ஒருவன் என்று நினைக்கிறேன்."

"கேட்டாயா மகளே? ஊர்க் குருக்களையெல்லாம் நாம் விசாரித்து முடிப்பதற்குள் இவன் கப்பலேறிவிடுவான். யானையைக் கொண்டுவரச் சொல்."

கோமளவல்லி எழுந்து வந்தாள். அவள் விழிகளில் துளி இரக்கமில்லை. அவள் முகத்தைப் பளிங்கில் வடிக்க ஓர் ஆயுள் போதாது என்று தோன்றிய கணத்தில் யோஸ்டுக்குத் தன் மீதே எரிச்சல் வந்தது.

"குருக்களுக்குக் குடுமி இருக்குமே. அதை எங்கே ஒளித்தாய், பரங்கி?"

"அவனுக்கு இல்லை, தேவி. மேலுதடும் வெயிலே காணாதது போல் வெளுத்திருந்தது."

இளவரசி சேதிராயர் பக்கம் திரும்பினாள்.

"தலையையும் மீசையையும் நம்மில் எப்போது ஒருசேர மழிப்பார்கள், சிற்றப்பா? கொள்ளி வைத்தவன் அல்லவா மழிப்பான்? ஆண்பிள்ளை இல்லாத என் தந்தைக்குக் கொள்ளி வைத்தவர் யார்?"

யோஸ்ட் அப்போதுதான், மாசிக்குப் பின் மீண்டும் வளர்ந்த அந்த முறுக்கு மீசைக்குக் கீழிருந்த தாடையைக் கூர்ந்து பார்த்தான். இரண்டு விரலால் களிமண்ணைக் கிள்ளித் திரித்து, மண்முகத்தின் மேலுதட்டில் ஒட்டினான்.

"அண்ணனுக்குக் கொள்ளி வைத்த கையை ஒரு பரங்கியின் பேச்சுக்காகச் சந்தேகிக்கிறாயா?"

"கையைக் கேட்கவில்லை, சிற்றப்பா. துக்கம் கழியுமுன் அந்த முகத்தோடு எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கிறேன்."

சேதிராயர் வாளை உருவினார்.