கலப்படமில்லாத மூளை

ஃபோன் அலறியது!

திரையில் 'அக்கா'. இன்ஸ்பெக்டரின் முகம் வெளிறியது. அவசரத்தில் எதையோ அமுக்கிச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"ராங் நம்பர்."

மூளை ஆராய்ச்சிக்கூடத்தின் பேராசிரியை சிரித்தாள்.

"காணாமப் போன கிளார்க் கடைசியா வந்தது இங்கதான் மேடம். எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு உதவத்தான் சார். மூளையில ஒரு என்சைம்... ஸ்கிசோஃப்ரினியாங்கற மனநோய் உள்ளவங்களுக்கு அது குறைவுங்கறது என் கட்சி. ரத்தத்துல பாக்க முடியாது. மூளையையே எடுத்து அரைக்கணும்."

"நோயாளி மூளைக்கு எங்க போவீங்க?"

"அது தாராளமா வருது. செத்ததும் சொந்தக்காரங்களே தள்ளிவிட்டுடறாங்க. ஒப்பிட்டுப் பாக்க நல்ல மூளைதான் பஞ்சம்! தெளிவா இருக்கறவன் எவன் சார் மூளையை விட்டுக் கொடுப்பான்?"

"அதுவும் சரிதான்."

"நீங்க சிகரெட்...?"

"தொட்டதில்ல."

"மருந்து, மாத்திரை?"

"தலைவலிக்குக்கூடக் கிடையாது."

"குடும்பத்துல யாருக்காவது மனநோய்?"

மகளுக்கு மாப்பிள்ளை தேடும் நேரம். உண்மை வெளியே வரலாமா? நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க பரம்பரைக்கே கிடையாது!"

"சுத்தமான சரக்கு!" பேராசிரியை ஃப்ரீசரைத் திறந்தாள். "கிளார்க்கைத் தானே தேடறீங்க? அடித்தட்டுல பாருங்க."

குனிந்தார். ஒரு டப்பா... அதற்குள்...

"அடிப்பாவி! இது..."

கழுத்தில் கயிறு இறுகியது!

"விஷம் வெச்சா என்சைம் கெட்டுடும் சார். துடிக்காதீங்க. சூடு ஆறுறதுக்குள்ள எடுக்கணும்."

துடிப்பு அடங்கியது. ரம்பத்தை எடுத்தாள்...

பிணத்தின் சட்டைப் பை பேசியது!

"தம்பி... மாத்திரை தீர்ந்துபோச்சுடா. கண்ட குரலெல்லாம் கேக்குதுடா..."

ரம்பம் நின்றது. ஃபோனை உருவினாள்.

"யார் நீ?"

"அவன் கூடப் பிறந்த அக்கா. எனக்கு... ஸ்கிசோஃப்ரினியா."

"பாவி மனுஷன்! பரம்பரைக்கே கிடையாதுன்னானே! என் சரக்கு பாழாப் போச்சே!"

"அப்போ... விஷம், சூடுன்னு நான் கேட்டதெல்லாம் நிஜமா?"

பேராசிரியை சுதாரித்தாள். குரலில் தேன் தடவினாள்.

"எல்லாம் உங்க மூளை பண்ற வேலைம்மா. வெளிய சொன்னா யாரு நம்புவா? போய்த் தூங்குங்க."

"தம்பியும் சொல்வான். குரல் கேட்டா உடனே நம்பாதே, பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்குதான்னு விசாரிச்சுப் பாருன்னு."

"விசாரிச்சீங்களா?"

"ஸ்டேஷன்லதான் உக்காந்திருக்கேன் மேடம். ஸ்பீக்கர்ல போட்டு விசாரிச்சேன்." அக்காவின் குரல் உடைந்தது. "எல்லாருக்கும் கேக்குதாம். ஏட்டையாவுக்கு மட்டும் சரியாக் கேக்கலையாம்... ஜீப்ல ஏறிட்டார், கிட்ட வந்தே கேட்டுக்கறாராம்!"