தொட்டும் நிற்காதவை

வெள்ளிக்கிழமை வளர்ப்புக் கிண்ணத்தில் மாற்றிவிட்டுப் போன இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம், ஞாயிறு மதியம் அவள் இன்குபேட்டரைத் திறந்தபோது மஞ்சளாகியிருந்தது. செல்கள் அளவோடு வளர்ந்தால் இவ்வளவு சீக்கிரம் நிறம் மாறாது. ஆளில்லாத லேபில் குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருக்க, ஸ்பிரிட் நெடிக்கு அடியிலிருந்து வேறொரு வாசம், வியர்த்த தோலின் வாசம், இளஞ்சூடாக எழுந்து அவள் முகத்தில் படிந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. கிண்ணத்தில் இருந்தவை அவளுடைய செல்கள்.

தன் உடம்புச் செல்லைத் தானே வளர்க்கக் கூடாது என்று இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவார்கள். அடுத்தவர் செல் தவறி உள்ளே போனால் உடம்பு அடித்துத் துரத்திவிடும். தன்னுடையதென்றால் வீட்டுப்பிள்ளை திரும்பிவிட்டதென்று கதவைத் திறந்துவிடும். லேப் தலைவருக்கும் இது தெரியும். லேபில் அவருக்குப் பெயர் ‘அவசரம்’. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இவர் கை நுழையாத இடமே கிடையாது. நோயாளிகளின் மாதிரி வரத் தாமதமானதும், அவள் முழங்கையிலிருந்தே தோலை எடுக்க வைத்தார். மாட்டேன் என்று சொல்லாத தன் வாயை அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறாத புண்ணை மூடவைக்கும் ஆராய்ச்சி அது. பக்கத்துச் செல்லைத் தொட்டதும் ‘வளர்ந்தது போதும், நில்’ என்று சொல்லும் ஜீனை, ஆர்.என்.ஏ. அனுப்பி அடக்க வேண்டும். கரண்ட் ஷாக் கொடுத்து அனுப்பினால் பாதி செல் செத்துப்போகும். வைரஸில் ஏற்றினால் கச்சிதமாகப் போய்ச் சேரும், ஆனால் அந்த ஜீன் அப்புறம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கொழுப்புத் துளியில் பொதிந்து விட்டால் சில நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் வைரஸ் என்றார். என் செல்லுக்குக் கொழுப்புதான் என்று அவள் மேஜையைத் தட்டிச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அந்தத் தைரியத்தில்தான், வெள்ளிக்கிழமை அந்தச் செல்களைத் தொட்ட ஊசி கையுறையைத் துளைத்து விரலில் குத்தியபோதும், கொழுப்புதானே என்று கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது கண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். ஒன்றையொன்று தொட்டதும் ஓடு பதித்ததுபோல் அடங்கியிருக்க வேண்டிய செல்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கிண்ணத்தின் சுவரைப் பிடித்து, மூடியோடு ஒட்டியிருந்தன. அவள் மூடியை இழுத்தாள். வரவில்லை. கையுறைக்குள் விரல்கள் அரித்தன.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவரை அழைத்தாள். என்ன கலந்தீர்கள் என்று கேட்டாள்.

“கொழுப்பை நம்பினா வேலை ஆகாதும்மா. வியாழக்கிழமையே நான் வைரஸைப் போட்டுட்டேன்.”

“என் செல்லு சார் அது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“வளர்ந்திருக்கா இல்லையா, அதைச் சொல்லு.”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் விழுங்கியதையெல்லாம் இன்று அவர் காதில் கொட்டிவிட வேண்டும். ஊசி குத்திய இந்த விரலையும் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். கையுறையை உருவினாள். விரல்களுக்கு இடையே அது கிழிந்துதான் வந்தது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றாக இருந்தன. இடையில் கோடுகூட இல்லை.

அலறல் வந்தது. அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தியிருக்கக் கூடாது.

உதட்டில் இளஞ்சூடு. அரிப்பு. கையை இழுத்தாள். கன்னமும் சேர்ந்து வந்தது. மறுபடி இழுத்தாள். வலித்தது. கை வலித்ததா, முகம் வலித்ததா, தெரியவில்லை.

“என்னம்மா, சத்தத்தையே காணோம்?” என்றார் அவர். “கோபமா? சொல்ல வந்ததைச் சொல்லு, கேக்கறேன்.”

இன்குபேட்டரின் எவர்சில்வர் கதவில் அவள் முகம் தெரிந்தது. இரண்டு கண்கள். மூக்கு. அதற்குக் கீழே மணிக்கட்டுவரை ஒரே தோல்.