பிளக் போடாத மெஷின்

பின்னறைக் கதவைத் திறந்தபோது மெஷினின் போர்டில் இருந்த பச்சை விளக்கு அணைந்துகொண்டிருந்தது. பட்டென்று அணையவில்லை, மங்கி, ஒரு புள்ளியாகச் சுருங்கி, பிறகு இல்லாமல் போனது. அவள் கீழே பார்த்தாள். முந்தின நாள் அவளே பிடுங்கிப் போட்ட பிளக் அப்படியே தரையில் கிடந்தது.

வேறு யாராவது என்றால் கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். கம்ப்யூட்டர் சொல்படி மரத்தில் எழுத்துச் செதுக்கும் அந்த சிஎன்சி ரூட்டரைத் தன் கையாலேயே கட்டியவள் என்பதால் அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மின்சாரம் இல்லாதபோதும், செதுக்கும் தலையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை யாராவது கையால் தள்ளினால் மோட்டார்கள் சுழலும். சைக்கிள் டைனமோ மாதிரி கொஞ்சம் மின்சாரம் உண்டாகி விளக்கு எரியும். தள்ளுவது நின்றால் அணையும். அப்படியானால் ஒரு நொடி முன்பு வரை உள்ளே யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. பஸ் ஓட்டும் கணவன் காலை ஷிப்ட் முடிந்து வந்திருந்தான்.

"மெஷின்கிட்ட போனீங்களா?"

"எனக்கெதுக்கு அந்த எழவு?"

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது என்று அவளுக்குப் பட்டது.

பெயர்ப்பலகைக் கடை முதலாளியிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேலையை உதறியவள் அவள். திரும்பிப் போய்விடு என்று கணவன் இன்னமும் சாடைமாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். புது அடுக்குமாடி ஒன்றின் இருபத்திரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் மரத்தில் பெயர்ப்பலகை கேட்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் சொந்தத் தொழில், இல்லையென்றால் அதே முதலாளியின் முன்னால் போய் அசடு வழிய நிற்க வேண்டும்.

மெஷினுக்கு மூன்று மாதம் பாகம் பாகமாக அலைந்திருந்தாள். மரத்தைக் கிடத்தும் படுகைக்கு இரட்டை பிளைவுட் போதும். சட்டத்தை நகர்த்தத் திருகுத் தண்டு கட்டுப்படியாகாது, பெல்ட் போதும். செதுக்குவதற்கென்று தனி ஸ்பிண்டில் எல்லாம் பணக்காரர் சமாச்சாரம், தச்சர் கையில் பிடிக்கும் ரூட்டரே போதும். சட்டம் ஓடும் இரும்பு ரெயிலில் மட்டும் அவள் இறங்கி வரவில்லை. ரெயில் கோணினால் எழுத்தும் கோணிவிடும். பழைய மெஷின்களை உடைத்து விற்கும் கடையில் ரெயில், சட்டம், மோட்டார் எல்லாம் ஒரே செட்டாக, நம்ப முடியாத மலிவில் கிடைத்தது.

"ரெயில்ல ஓடுற கட்டைய மட்டும் கழட்டிடாதீங்கம்மா. உள்ள இருக்கிற குண்டெல்லாம் கொட்டிடும். அப்படியே முழுசா கொண்டு போயிடுங்க."

"ஏன் இவ்ளோ கம்மி?"

"இது இருந்த பட்டறைய மூடிட்டாங்க." கடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சட்டத்தின் முனையில் வேறு வேறு அளவில் இரண்டு வரிசைத் துளைகளைக் கவனித்தாள். இதற்கு முன் இரண்டு பேர் இதைப் பொருத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பொறுமையில்லாதவர்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்ததைப் பார்த்த மறுநாள், செதுக்கும் தலையில் ஒரு பென்சிலைப் பொருத்தி, கீழே காகிதம் ஒட்டிவைத்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. போய், வந்து, போய், வந்து, காகிதமே கிழியும் அளவுக்கு அழுத்தியிருந்தது. அறையில் பழைய எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை அடித்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வரும் கணவனின் சட்டையிலும் அதே வாடைதான்.

அன்றே பின்னறையின் சந்துப்பக்கக் கதவை உள்ளே திருகாணி போட்டு அடைத்தாள். சமையலறைப் பக்கக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். அடுத்த நாள் அடுப்படியில் நின்றிருந்தபோது, பூட்டிய கதவுக்குப் பின்னால், இரும்புக் குண்டுகள் ரெயிலில் உருளும் அந்தச் சத்தம், மாவு சலிப்பது போல மெதுவாக, நிதானமாக, யாரோ பொழுது போகாமல் செய்வது போலக் கேட்டது. பூட்டைத் திறந்து ஓடினாள். யாருமில்லை. விளக்கு மட்டும் மங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து வாசல் வழியாகக் கணவன் வந்தான். சந்து ஜன்னல் வழியாக ஒரு கம்பை நீட்டித் தள்ள முடியுமா என்று யோசித்தாள்.

"நான் திரும்ப அந்தக் கடைக்கே போகணும், அவ்ளோதானே? அதுக்கு இப்படிப் பயமுறுத்தணுமா?"

கணவன் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான். "கல்யாணமாகிப் பதினோரு வருஷமாச்சு. என்னைப் பாத்துக் கேக்க உனக்கு எப்படி வாய் வருது?"

அது அவளைச் சுட்டது. இருந்தாலும் விடவில்லை.

"சரி, வா," என்றான். "நானே உள்ள போய் நிக்கறேன். நீ வெளிய பூட்டிட்டு ஜன்னல் வழியா பாரு. கைய தலைமேல வச்சுக்கறேன். அப்பவும் அது நகந்தா நம்புவியா?"

"நம்பறேன்."

பூட்டினாள். இழுத்தும் பார்த்தாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்துக்குப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள்.

மூன்று மணி வெயில் சாய்வாக உள்ளே விழுந்திருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி, காக்கிச் சட்டையோடு, இரண்டு கைகளையும் தலைமேல் கோத்து மெஷின் முன்னால் நின்றிருந்தான். தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி. எதுவும் நகரவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

சர்ர்ர்.

பச்சை விளக்கு.

சட்டம் நகர்ந்தது. அவன் கைகள் தலைமேலேயே இருந்தன. தள்ளுவது அவன் இல்லை. ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"இது... தானா நகருது," என்றான். "பாக்கறியா?"

சட்டம் நின்றது. விளக்கு மங்கியது. அணைந்தது.

தள்ளியது கையை எடுத்துவிட்டது.

சத்தமில்லை. அவன் அசையவில்லை. அவன் தோள்கள் விறைத்திருந்தன.

பிறகு அவன் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. பெரிய மூச்சு ஒன்றை விட்டான்.

"வந்துட்டியா," என்றான், திரும்பாமலே.

கதவின் சாவி இன்னும் ஜன்னலுக்கு வெளியே, அவள் கழுத்தில்தான் இருந்தது. காக்கிச் சட்டையில், இரண்டு தோள்களுக்கும் நடுவே, துணி ஐந்து விரல் தடமாகக் குழிந்திருந்தது. குழி ஆழமானது. அவன் மெஷினை நோக்கி ஓர் அடி வைத்தான்.