எட்டாவது கழுத்தெலும்பு

மணல் தட்டில் எட்டு எலும்புகள் இருந்தன.

நேற்று சாயங்காலம் கிடங்கைப் பூட்டும்போது அவள் எண் எழுதி அடுக்கிவிட்டுப் போனது ஏழு. ஒன்றிரண்டு அபூர்வப் பிராணிகளைத் தவிர, பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் எல்லா உயிருக்கும் கழுத்தெலும்பு ஏழுதான். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு, சுண்டெலிக்கும் ஏழு, கழுத்தே இல்லாத நம் மேலாளருக்கும் ஏழு என்று களிமண் குழியில் தோண்டுகிறவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பல்லாயிரம் வருஷம் மண்ணுக்கடியில் கிடந்து கல்லாகிப்போன கழுத்து அது. சுவரோரம் தோள்பக்கம், அவள் நாற்காலியைப் பார்த்துத் தலைப்பக்கம். அந்தத் தலைப்பக்கத்தில் மண்டையோடு இன்னும் பிளாஸ்டர் கட்டுக்குள்தான் இருந்தது. என்ன விலங்கென்று யாருக்கும் தெரியாது. நாலு மணிக்கு நிபுணர் வந்து கட்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

அவளைக் குழியில் எல்லோரும் 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். மண் சுமக்க வந்த பெண், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவள். ஆனால் கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவாள். கல் வழுக்கும். பழைய எலும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். எச்சிலை உறிஞ்சிக்கொண்டு அட்டை மாதிரி ஒட்டும். இதுவரை ஒருமுறையும் அவள் தவறியதில்லை. அதற்காகத்தான் வெயிலிலிருந்து கிடங்குக்குள் கூட்டி வந்தார்கள். "எலும்பு நக்கிச் சம்பளம் வாங்குறா எங்க நாத்தனார்" என்று அண்ணி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மேலாளர் உள்ளே வருவதற்கு முன்பே அவருடைய தைல வாசனை வந்துவிட்டது. பிடரியைத் தேய்த்தபடியே தட்டை எட்டிப் பார்த்தார்.

"ராத்திரியெல்லாம் கழுத்து வலி, தூக்கமே இல்ல. இதென்ன, எட்டு இருக்கு?"

"நான் வச்சது ஏழு சார்."

"எட்டாங்கிளாஸோட நின்னவகிட்ட எண்ணச் சொன்னா எட்டு வரைக்கும் எண்ணிட்டியா? கடைசி எலும்பத் திருப்பு."

திருப்பினாள். கறுப்பு மையில் 8. ஒன்றின்மேல் ஒன்று வைத்த இரண்டு குட்டிப் பானை மாதிரி. அப்படி எழுதுவது அவள் ஒருத்திதான்.

"கையெழுத்து யாருது?"

"என்னுதுதான். ஆனா நான் எழுதல சார்."

"சரிதான். பிசாசு வந்து எழுதிச்சு." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அலமாரிமேல் வைத்தார். "ரெண்டு மிருகத்தோட எலும்பக் கலந்துட்டேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு. போடலேன்னா நாளையிலேர்ந்து வராதே."

எட்டாம் வகுப்புப் பரீட்சையில், பார்த்து எழுதினாய் என்றார்கள். அவள் பார்க்கவில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். குனிந்த தலையோடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவள்தான். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

"போட மாட்டேன் சார்."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை. மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். வலி சுண்டியிழுக்க, கழுத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணிக்கு மேல் வெளியே மழை பிடித்துக்கொண்டது. சன்னலே இல்லாத அறையில் தகரக் கூரைமேல் விழுகிற மழையின் இரைச்சலும், குழல் விளக்கின் ரீங்காரமும், ஈரச் சாக்கும் களிமண்ணும் பழைய பிளாஸ்டரும் கலந்த புழுக்கமுமாகச் சேர்ந்து, யாரோ போர்வையைத் தலைமேல் இழுத்து மூடியதுபோல இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எது வந்தேறி என்று பார்த்துவிடுவோம். ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்தாள். ஒன்று, ஒட்டியது. இரண்டு, ஒட்டியது. ஏழு வரைக்கும் பிசகில்லை. மண் ருசி, சுண்ணாம்பு ருசி, வேறெதுவும் இல்லை.

எட்டு வழுக்கியது.

வெதுவெதுப்பாக இருந்தது. நாக்கு நுனியில் சுரீரென்று எரிந்தது. காறித் துப்பினாள். துப்பியும் போகவில்லை.

தைலம்.

எலும்பை அவள் கீழே வைத்த மறுகணம் அது தானாக நகர்ந்து தன் இடத்தில் பொருந்தியது. டக். நல்ல தச்சன் செய்த இழுப்பறை மூடுவது போன்ற சத்தம். உடனே இன்னொரு டக். அதற்கப்பால், சுவரோரம், 9. அதே குட்டிப் பானை எழுத்து. பிளாஸ்டர் கட்டுக்குள் இருந்த மண்டையோடு ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது.

"ஏம்மா..." அடுத்த அறையிலிருந்து மேலாளரின் குரல். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது.

ஓடினாள். அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். முகவாய் நெஞ்சில் பதிந்திருந்தது. தோள்பட்டை காதைத் தொட்டது. சட்டைப்பைப் பேனா கன்னத்தில் குத்திக்கொண்டு நின்றது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கண்கள் மட்டும் மேலே உருண்டு அவளைப் பார்த்தன.

"கையெழுத்துப் போட்டியா?"

டக், என்றது கிடங்கு. முகம் இன்னும் ஓர் அங்குலம் இறங்கியது.

வாசல் திறந்துதான் இருந்தது. மழையில் இறங்கி ஓடினால் பத்து நிமிஷத்தில் வீடு. அந்த மனிதர் நல்லவரில்லை. அதற்காக?

திரும்பிக் கிடங்குக்குள் போனாள்.

"குடு," என்றாள். "அது உன்னுது இல்ல."

எட்டாவதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கல் சுரண்டும் உளியைப் பொருத்தில் விட்டு நெம்பினாள். உளி வளைந்தது. எலும்போடு எலும்பு ஒட்டிக்கொண்டிருந்தது, நாக்கில் ஒட்டுவதுபோல.

"உனக்கு ஏழுதான். நான் எண்ணி வச்சேன். ஏழு!"

டக். டக். டக்.

அடுத்த அறையில் ஏதோ மெத்தென்று மேசையில் விழுந்தது. விளக்கு அணைந்தது.

இருட்டு. மழை. பிளாஸ்டர் விரிசல் விடும் சத்தம், மெதுவாக, காய்ந்த சேற்றில் கால் வைத்ததுபோல. வெளியே கார் கதவு சாத்தும் ஓசை. நிபுணர்.

அவள் கை தன் பிடரிக்குப் போனது. சேலைமேல் போட்ட சட்டைக் காலருக்கு மேலே துருத்திக்கொண்டிருக்குமே ஒரு முட்டி, ஏழாவது, அதைத் தேடினாள். விரல் வழவழவென்று கீழே இறங்கியது. மறுபடி தேடினாள்.

இல்லை.

தலை கனத்தது. முகவாய் தானாக நெஞ்சை நோக்கி இறங்கியது. அன்றைக்கு மாதிரியே.

"மாட்டேன்."

இடது கையால் உச்சிமுடியைக் கொத்தாகப் பற்றினாள். தூக்கினாள். தலை நிமிர்ந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு அலமாரிக்கு நடந்தாள். வலது கை தாளைத் தேடியது, திருப்பியது, பேனாவைத் தேடியது. வெற்றுப் பக்கத்தில் இருட்டிலேயே எழுதினாள். நான் வைத்தது ஏழு. கீழே கையெழுத்து.

டக்.

முதுகுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில்.

களிமண் வாசனை. கூடவே தைலம்.

ஈரமான ஏதோ ஒன்று, நீளமாக, சொரசொரப்பாக, அவள் பிடரியில் வந்து படிந்தது. நுனி மட்டும். ருசி பார்ப்பதுபோல. கல்லா, எலும்பா என்று.

வழுக்கவில்லை.

ஒட்டியது.

அவள் முடியைப் பிடித்த கையைத் தளர்த்தவில்லை.